வெள்ளிக்கிழமை வாசலுக்கு வந்த ராணி

மண்டபம் நிறைந்த சனம் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிற இடத்தில் எல்லோரும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் ஒருசேரத் திரும்பினார்கள். திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள்.

பிள்ளைகளே, எனக்குக் கை கால் ஓடவில்லை.

நான் அந்தக் கட்டடத்தின் ஹவுஸ்மைஸ்டர். விளக்கு, ஹீற்றர், கதவு, கதிரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற ஆள். கையில் ஹீற்றரின் காற்றைத் திறந்துவிடுகிற சின்னத் திறப்பு இருந்தது. தலையில், ஆண்கள் போட வேண்டும் என்று வாசலில் வைத்திருந்த ஒரு குட்டித் தொப்பி. காலில் சப்பாத்து இல்லை. கும்பிடுகிற இடம் என்று தெரிந்ததால் படியிலேயே கழற்றி வைத்திருந்தேன்.

பின்னால் யாராவது பெரிய மனிதர் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். மாடிப்படி இருந்தது. சுவரில் தீயணைப்புக் குழாய் இருந்தது. வேறு ஒருவரும் இல்லை.

கும்பிட்டவர்களைக் கும்பிடாமல் நிற்க எங்களுக்குப் பழக்கமில்லை. திறப்பை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து நானும் குனிந்து கும்பிட்டேன்.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் கீழே நிலவறைக்கு ஓடிவிட்டேன். சப்பாத்தை மறந்துவிட்டேன்.

அந்தக் கட்டடம்

போன கிழமை இந்தப் பத்திரிகையில் குடையைத் தொலைத்த கதையை எழுதியிருந்தேன். இந்தக் கதை அதற்குச் சில வருடம் பிந்தியது. யூரோ வந்துவிட்டது. ஆனால் பழைய மார்க் சில்லறை இன்னும் எங்கள் மேசை லாச்சியில் கிடந்தது. ஊரில் சண்டை முடியவில்லை. ரெலிபோன் அடித்தால் நெஞ்சும் சேர்ந்து அடிக்கிற காலம்.

என் மகள் தாரணிக்கு இது தெரிந்த கதை. அவள் இதற்குள் இருந்தவள். அவளுடைய தம்பிக்காகவும், இந்தப் பக்கத்தை வீட்டில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிற மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரம். அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பல சங்கங்கள் வாடகைக்கு எடுத்திருந்தன. திங்களில் முதியோர் நடனம். புதனில் பாட்டுக் குழு. மேல்மாடி மண்டபம் வெள்ளியும் சனியும் யூதர்களுக்கு. அந்த இரண்டு நாளும் வாசலில் ஒரு பொலிஸ் கார் நிற்கும்.

அந்தக் கார் ஏன் நிற்கிறது என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இந்த நாட்டில் அவர்களுக்கு நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் படிப்பைப் பாதியில் விட்டவன். அதைச் சொல்லப் பெரிய எழுத்து வேண்டும். ஆனால் அந்த மண்ணிலேயே சிலர் கூடி நின்று பாடுகிறார்கள் என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. கீழே நிலவறையில் குழாய்களுக்கு நடுவில் நின்று, மேலே கால்கள் தாளம் போடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் மேலே போவதில்லை. அன்று ஹீற்றர் பாம்பு மாதிரிச் சீறுகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் போனேன். அப்போதுதான் அந்தக் கும்பிடு நடந்தது.

எங்கள் வீட்டு வெள்ளி

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அம்மனின் நாள். மரக்கறிதான். தாரணியின் அம்மா வேலையால் வந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்து, ஈரத் துவாயோடு விளக்கேற்றுவார். விளக்கு வைக்கிற நேரம் முன்கதவைத் திறந்து வைப்பார். லட்சுமி வருகிற நேரமாம்.

மாடிக் குடியிருப்பில் முன்கதவைத் திறந்தால் படிக்கட்டுக்கு அல்லவா திறக்கும். கீழ்வீட்டு ஜெர்மன்காரி ஒருநாள் ஏறி வந்து, "உங்கள் கதவு திறந்திருக்கிறது, சூடு எல்லாம் வெளியே போகிறது" என்றார். அம்மா தன் ஜெர்மனில் விளக்கம் சொன்னார். "ஒரு பெண் வருவார். அதனால் திறந்திருக்கிறது." அடுத்த வெள்ளி அந்த மனுசி படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் விருந்தாளி இன்றும் வரவில்லையா?" என்று கேட்டார்.

மாதத்தில் ஒரு வெள்ளி அம்மா விளக்கேற்றமாட்டார். சாமி அறைப் பக்கம் வரமாட்டார். நடையில் நின்று, "இண்டைக்கு நீங்கள் கொளுத்துங்கோப்பா" என்பார். நான் குளித்துத் திருநீறு பூசிக் கொளுத்துவேன். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. தீட்டைச் சொல்கிற துடக்கு என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் முடிந்துவிடும். என் தாய் வீட்டிலும் அப்படி. அம்மாவின் தாய் வீட்டிலும் அப்படி.

இதைப் பத்திரிகையில் எழுதுவதற்கு இன்றைக்கும் என் காது சூடாகிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் கதை இல்லை.

காருக்குள் பட்டுப்பாவாடை

தாரணி சின்ன வயதிலிருந்து தேவாரம் பாடுவாள். சனிக்கிழமைகளில் சங்கீத வகுப்பு. அவளுடைய குரலைக் கேட்டால் நாங்கள் வேலையில் பட்ட பேச்செல்லாம் மறந்துபோகும்.

அந்த வருடம் எங்கள் கோயில் திருவிழாவில் அம்மன் வெளிவீதி வருவதற்கு முன் அவளைப் பாடச் சொல்லியிருந்தார்கள். கோயில் என்றால் பெரிய கோபுரம் நினைக்காதீர்கள். பழைய பண்டகசாலை. பக்கத்தில் ரயர்க் கடை. ஆனாலும் திருவிழா அன்று ஜெர்மனி முழுவதிலுமிருந்து சனம் வரும். தாரணி மாதக்கணக்காகப் பாடம் பண்ணினாள். பல்லுத் தீட்டும்போதும் அதே பாட்டு.

அன்று கோயில் வாசலில், செருப்புக் கழற்றுகிற இடத்தில் வைத்து அவள் அம்மாவின் காதுக்குள் ஏதோ சொன்னாள். அம்மாவின் முகம் மாறியது.

"இப்பவோ?" என்றார் அம்மா.

"ஓம்."

"நீ காருக்குள்ள போய் இரு பிள்ளை."

"அம்மா, பாட்டு..."

"துடக்கோட உள்ளுக்கு ஏலாது. போ. சனம் பாக்குது."

நான் கார்த் திறப்பைக் கொடுத்தேன். பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ. அந்தக் கோலத்தில் அவள் பின்சீற்றில் இருந்தாள். வெயில். யன்னலை இறக்கிவிட்டிருந்தாள். ஒலிபெருக்கியில் அவளுடைய பாட்டை வேறொரு பிள்ளை பாடியது. அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் அடி வரவில்லை. காருக்குள் தாரணியின் உதடு அசைந்ததை நான் வெளியில் நின்று பார்த்தேன்.

திரும்பி வரும்போது பெருந்தெருவில் கேட்டாள்.

"அப்பா, அம்மனும் பொம்பிளைதானே?"

நான் வானொலியைப் போட்டேன். போக்குவரத்து நெரிசல் சொன்னார்கள். அம்மா யன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

அதற்குப் பிறகு தாரணி பாடவில்லை. சங்கீத வகுப்புக்குப் போகவில்லை. சாமி அறைக்குள் வரவில்லை. அம்மாவோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். அதையும் ஜெர்மனில் கதைத்தாள். அதுதான் அம்மாவைச் சுட்டது. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இப்படி ஒருவரை ஒருவர் இழந்துகொண்டிருப்பதைப் பார்ப்பது எவ்வளவு பயமான விசயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டனீர்"

சப்பாத்துக்குத் திரும்பி வருகிறேன்.

மேலே கூட்டம் கலைந்த பிறகு மெல்ல ஏறினேன். என் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரைசா நின்றார். அவர்தான் அவர்களுடைய சமையலறையைப் பார்ப்பவர். ஒடெசாவிலிருந்து வந்தவர். அங்கே பாலம் கட்டுகிற இஞ்சினியராம். இங்கே முட்டை அவிப்பார். என்னைவிட மூத்தவர். நான் மனதுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் கதைத்தது இரண்டு உடைந்த ஜெர்மன். இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"உம்மட கால் குளிரேல்லையோ?" என்றார்.

"அக்கா, அவை ஏன் என்னைக் கும்பிட்டவை?"

ரைசா அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உம்மை இல்லை. நீர் பயப்படாதேயும். ராணியைக் கும்பிட்டவை."

"எந்த ராணி?"

"எங்கட ஓய்வுநாள். அவதான் ராணி. மணப்பெண்ணும் அவதான். வெள்ளி பொழுதுபட வாசலால வாறா. அவ வரேக்க எழும்பித் திரும்பி வரவேற்க வேணும்."

"அப்ப வந்தவவோ?"

"எப்பிடி வாறது? நீர் வாசலை மறிச்சுக்கொண்டெல்லோ நிண்டனீர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு புல்லரித்தது. வெள்ளிக்கிழமை. பொழுதுபடுகிற நேரம். வாசல் வழியாக ஒரு பெண் வருகிறாள். இதை இவர்களுக்கு யார் சொன்னது? கீழ்வீட்டு ஜெர்மன்காரிக்கு விளங்காத விசயம் ஒடெசா இஞ்சினியருக்கு எப்படித் தெரியும்?

"உங்கட கடவுளுக்குச் சிலை இல்லை, உருவம் இல்லை எண்டுதானே சொல்லுறவை," என்றேன்.

"ஓம், இல்லை."

"பிறகெப்பிடி 'அவ' எண்டு சொல்லுறியள்?"

"என்னட்டைக் கேக்காதேயும். எங்கட நாட்டிலை கடவுளே இல்லையெண்டு சோதினை எழுதிப் பாஸ் பண்ணினவள் நான். இஞ்ச வந்துதான் எல்லாம் படிக்கிறன். வெட்கக்கேடு, விளக்குக் கொளுத்தக்கூடப் பேப்பர் பாத்துத்தான் சொல்லுறன்."

அடுத்த வெள்ளி அவர் விளக்குக் கொளுத்துவதைச் சமையலறைக் கதவால் பார்த்தேன். இரண்டு மெழுகுதிரி. வீட்டுப் பெண்கள் ஏற்றுவது வழக்கமாம். ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் அந்த வெளிச்சத்தைத் தன் பக்கம் அள்ளினார். அள்ளிக் கண்களைப் பொத்தினார்.

கற்பூரம் காட்டினால் நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதே மாதிரி.

நான் கையில் வைத்திருந்த கதிரையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு அதில் இருந்துவிட்டேன். வேலை நேரத்தில் நான் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக் கை

சங்கீத வகுப்பு இல்லாததால் தாரணி சனிக்கிழமைகளில் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை வேலைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினேன். கோப்பை அடுக்குவாள். ரைசா அவளுக்கு ருஷ்ய இனிப்புக் கொடுப்பார்.

ஒரு சனி காலை, கதவு திறந்திருந்ததால் இருவரும் எட்டிப் பார்த்தோம். எனக்கு மறுபடியும் அதிர்ச்சி. முன்னால் நின்று கும்பிடுவித்தவர் ஒரு பெண். தோளில் வெள்ளைச் சால்வை. ஐயருக்குச் சமமான ஆள். அவர்கள் ரபினெரின் என்பார்கள். மாதத்தில் ஒருமுறை வேறு நகரத்திலிருந்து ரயிலில் வருபவராம். நான் அவரை அதுவரை யாரோ ஒரு ரீச்சர் என்று நினைத்து, "குப்பை வாளி அந்தப் பக்கம்" என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வேதச் சுருளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தார். பட்டுத் துணி சுற்றி, மேலே வெள்ளி மணி கட்டிய சுருள். எங்கள் சாமி வீதி வருவது போலவே. சனம் எட்டித் தொட்டு முத்தமிட்டது. தாரணி என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, ஒரு பொம்பிளை தூக்கிக்கொண்டு வாறா."

"ஓம்."

முடிந்த பிறகு எல்லோரும் கோப்பி குடித்தார்கள். நான் கதிரை அடுக்கினேன். திரும்பிப் பார்த்தால் தாரணி அந்த ரபினெரினுக்கு முன்னால் நிற்கிறாள். நல்ல ஜெர்மனில், தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறாள்.

"உங்களுக்கு மாதவிடாய் வந்தாலும் இதைத் தூக்குவீர்களா?"

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். கையில் இருந்த கதிரைகள் சரிந்தன. ஒரு கிழவர் கோப்பியை உடுப்பில் ஊற்றிக்கொண்டார். நான் ஓடிப் போய், "மன்னித்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளை" என்றேன்.

"சின்னப் பிள்ளை இல்லை," என்றார் அந்த ரபினெரின். "சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள்."

தாரணியை மேசைக்குக் கூட்டிப்போனார். சுருளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளிக் கோல் கிடந்தது. அதன் நுனியில் ஒரு குட்டிக் கை. சுட்டுவிரல் மட்டும் நீட்டியபடி.

"வாசிக்கும்போது இதால்தான் எழுத்தைத் தொடுவோம். சுருள் எழுதிய தோலில் எவருடைய கையும் படக்கூடாது. என்னுடைய கையும் படாது. ஆம்பிளையுடைய கையும் படாது. எவ்வளவு பெரிய படிப்பாளியுடைய கையும் படாது."

"ஆம்பிளையளுக்கும் ஏலாதோ?" தாரணி அதிர்ச்சியில் தமிழில் கேட்டுவிட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒருவருக்கும் ஏலாது. எங்கள் பழைய ஆசிரியர்கள் இந்த வேதத்தை நெருப்பு மாதிரி என்றார்கள். நெருப்புக்குத் தீட்டுப் பிடிக்காது. ஆனால் உன்னிடம் பொய் சொல்லக்கூடாது. எங்களிலும் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பெண்கள் தனியாகத் திரைக்குப் பின்னால் இருக்கிற இடங்கள் உண்டு. அந்த நாள்களில் தாங்களாகவே ஒதுங்கி நிற்கிற பெண்கள் உண்டு. அது முடிந்து தண்ணீரில் முழுகி எழும்புவது அவர்களுக்குப் பெரிய கும்பிடு. என் அம்மாவே நான் இதைத் தூக்குவதைப் பார்க்க இன்னும் வரவில்லை."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. தாரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வருவாவோ?"

"தெரியாது."

பிறகு நான், வாசலால் வருகிற 'அவ' யார் என்று கேட்டேன். வந்த வெட்கம் வந்துவிட்டது, கேட்டால் என்ன.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். கடவுள் ஒன்றுதான். இரண்டாவது தெய்வம் இல்லை. ஆனால் கடவுள் மனிதரோடு வந்து தங்குகிறதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஷெகினா. அதைத் தாய் மாதிரி, ராணி மாதிரி, மணப்பெண் மாதிரி நினைத்துப் பல தலைமுறை கும்பிட்டிருக்கிறது. அப்படிக் கதைத்தால் கோபிக்கிற யூதர்களும் இருக்கிறார்கள். எருசலேமில் கோயில் இடிந்து சனம் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டபோது, இந்தத் தாய் இடிந்த கோயிலோடு நிற்கவில்லையாம். சனத்தின் பின்னால் தானும் போனாளாம்.

"அகதியாவோ?" என்றேன்.

"ஓம். அகதியாக. அவர்கள் அழுக்கோடும் தீட்டோடும் கிடந்த இடத்திலும் அவள் அவர்களோடு தங்கினாள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்."

காரில் திரும்பும்போதும் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். கடவுள் அகதியாகப் போனதை நான் அதுவரை ஒரு இடத்திலும் கேட்டதில்லை. நாங்கள் போனோம். அவர் ஊரில் கோயிலில் இருந்தார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நடையில் நின்றபடி

அன்று சாப்பாட்டு மேசையில் தாரணி தான் கேட்ட கேள்வியை அம்மாவிடம் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். அம்மாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

"ஆரிட்டக் கேட்டனி?"

"அந்த ரபினெரினிட்ட."

"சனத்துக்கு முன்னாலையோ? அப்பாவும் நிக்கவோ?" அம்மா என்னைப் பார்த்தார். "நீங்களும் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"கதிரை அடுக்கினனான்," என்றேன்.

"உதுகளை வெளியாக்களிட்டக் கதைக்கிறதோ? எங்கட மானம் எங்க போறது?"

"நெருப்புக்குத் துடக்கு இல்லையாம்," என்றாள் தாரணி.

"அது அவையின்ர நெருப்பு."

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் கதவுகள் மட்டும்தான் கதைத்தன. நான் நடுவில் சின்னவனைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். தாரணி எங்களை விட்டுப் போய்விடுவாள் என்ற எண்ணம் எனக்கு வந்தது. வீட்டை விட்டுப் போவாள் என்று நான் நினைக்கவில்லை. உள்ளுக்குள் போய்விடுவாள் என்றுதான் பயந்தேன். ஒரே வீட்டில் இருந்து, ஒரே சோற்றைத் தின்று, எங்கள் சாமியும் பாட்டும் மொழியும் தனக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடுவாள்.

வெள்ளி வந்தது. அம்மா நடையில் நின்று, "இண்டைக்கு நீங்கள் கொளுத்துங்கோப்பா" என்றார். நான் குளித்துத் திருநீறு பூசி வந்தேன். குசினியில் தாரணி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அம்மா, அவையின்ர கடவுள் அகதியாப் போனவவாம். சனம் துடக்கோட கிடந்தாலும் அவ கூடக் கிடந்தவவாம்."

நான் திட்டு விழும் என்று நின்றேன். திட்டு விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. சுகமில்லையோ என்று பயந்துபோனேன்.

"நான் கிடந்தனான்," என்றார்.

"என்ன?" என்றாள் தாரணி.

"செல்லடி காலம். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தனான். இடம்பெயர்ந்து ஒரு அம்மன் கோயிலுக்குள்ளை ஊர்ச்சனம் முழுக்க இருந்தது. எனக்கு வந்திட்டுது. மாத்துறதுக்கு ஒண்டும் இல்லை. நான் வெளி மதிலோட போய்க் குந்தியிருந்தன். செல் கூவிக்கொண்டு போகுது. உள்ளுக்குப் போகப் பயம். சாமிக் குத்தம் எண்டு."

அம்மா சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"ஐயரம்மா கண்டிட்டா. என்ன பிள்ளை எண்டு கேட்டா. சொன்னன். தான் உடுத்தியிருந்த சீலைத் தலைப்பைக் கிழிச்சுத் தந்தா. தந்து, கையில பிடிச்சு உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போனா. மூலஸ்தானத்துச் சுவர்தான் தடிப்பு, அதோட ஒட்டிப் படு எண்டா. நான் மாட்டன் எண்டு அழுதன். உனக்கொண்டு எண்டா உன்ர தாய்க்கு நான் என்ன சொல்லுறது, படு எண்டா. படுத்தன். அம்மனுக்கும் எனக்கும் நடுவில அந்த ஒரு சுவர்தான். விடிய விடியப் படுத்தன்."

கல்யாணம் கட்டி இவ்வளவு காலம். ஒரு பாயில் படுத்து, ஒரு சட்டியில் சாப்பிட்டு, ஒரு நாட்டை விட்டு ஓடி வந்து. எனக்கு இது தெரியாது.

"நீர் எனக்குச் சொல்லேல்லையே," என்றேன்.

"நான் எனக்கே சொல்லேல்லை."

தாரணி பேனையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். கண்ணில் தண்ணீர்.

"பிறகேன் அம்மா என்னைக் காருக்குள்ள விட்டனீங்கள்?"

அம்மா நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சு வீட்டை வந்தம். அடுத்த மாதம் துடக்கெண்டு திரும்பவும் பின்கதவால போகச் சொல்லிச்சினம். போனன். அண்டைக்கு நடந்தது சண்டைக்கு மட்டும் எண்டு நினைச்சன். எல்லாருக்கும் முன்னால உன்னை ஆரும் ஏதும் சொல்லிப்போடுவினம் எண்ட பயம் பிள்ளை. அம்மனுக்குப் பயந்து இல்லை. சனத்துக்குப் பயந்து."

தாரணி அம்மாவின் கையைப் பிடித்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு பிடித்தாள்.

நான் நெருப்புப்பெட்டியோடு சாமி அறை வாசலில் நின்றேன். அம்மா நடையைத் தாண்டி வந்தார். அந்த நாள்களில் அவர் அந்த இடத்தைத் தாண்டி நான் ஒருபோதும் கண்டதில்லை. பழக்கம் அப்படி. வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"தள்ளுங்கோப்பா," என்றார்.

தள்ளி நின்றேன். அவர் குச்சியைக் கிழித்தார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது. திரி ஏறி எரிந்தது. மற்ற வெள்ளிகளில் எரிவது மாதிரியேதான் எரிந்தது.

"பாடு," என்றார் அம்மா.

தாரணி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாடமாட்டாள் என்று நினைத்தேன்.

"நீங்கள் தொடங்குங்கோ. நான் சேர்ந்து வாறன்," என்றாள்.

அம்மா அதற்கு முன் எங்களுக்குக் கேட்கப் பாடியதில்லை. சுருதி எங்கேயோ போயிற்று. முதலடியிலேயே ஒரு சொல்லை விழுங்கிவிட்டார். காருக்குள்ளிருந்து மற்றப் பிள்ளையின் பிழைக்கு உதடசைத்த தாரணி, அன்று அம்மாவைத் திருத்தவில்லை. அம்மாவின் பிழைச் சுருதியிலேயே தன் குரலையும் வைத்துப் பாடினாள்.